சுற்றறிக்கை

தலைமை அலுவலகம் கேட்டிருக்கிறது:
பணியிட நடத்தை குறித்து ஒரு பக்கம்,
வெள்ளிக்கிழமைக்குள்.
வடபழனி ரத்தப் பரிசோதனைக் கிளைக்கு
நான்தான் எழுத வேண்டும்.

'நேரம் தவறாமை' என்று தட்டச்சு செய்கிறேன்.
கீழே, மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றி
ஒரு பேருந்து
கால்மணி நேரமாய்த் திரும்பிக்கொண்டிருக்கிறது.
அதற்குள் நம் ஆட்கள் இருவர்.
அழிக்கிறேன்.

'இன்முகம்.'
காலை ஆறரைக்கு வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பவர்கள்
ஊசியோடு வருகிறவள் சிரித்தால்
பயப்படுகிறார்கள்.
அதையும்.

போன செவ்வாய் நினைவுக்கு வருகிறது.
இரண்டு குழாய்கள், இரண்டு சுகந்திகள்.
ஒருத்திக்கு இருபத்தாறு, இன்னொருவருக்கு அறுபத்திரண்டு.
ஸ்டிக்கரை மாற்றி ஒட்டியது
பதினோரு வருட அனுபவமுள்ள என் கை.

கண்டுபிடித்தது இர்ஃபானா.
சேர்ந்து மூன்று மாதம்,
அடையாள அட்டைகூட இன்னும் தற்காலிகம்தான்.
எடுத்த நேரமும் ஒட்டிய நேரமும் ஒத்துப்போகவில்லையாம்.
கவுண்டரில் கூட்டம்.
அவள் குரல் உயரவில்லை.
"மேடம், ஃப்ரிட்ஜ் பக்கம் ஒரு நிமிஷம்."

ஃப்ரிட்ஜின் உறுமலுக்குள் நின்று
"கிழிச்சு மாத்தி ஒட்டிடலாம், யாருக்குத் தெரியும்?"
என்று கேட்டது நான்.

"எது யாரோடதுன்னு குத்துமதிப்பாத்தான் ஒட்டணும் மேடம்.
ரெண்டு பேரையும் திரும்பக் கூப்பிடறேன்.
பிழைப் பதிவேட்டுல
நீங்க எழுதிடுங்க."

நீங்க எழுதிடுங்க.
அதில் குற்றச்சாட்டு இல்லை. இரக்கமும் இல்லை.
தண்ணீர் கேன் வந்திருக்கு,
கையெழுத்துப் போடுங்க என்கிற தொனி.

எழுதினேன். என் பெயர். மணி 9.42.
மதியம், நான் நுழைந்ததும்
சாப்பாட்டு அறைப் பேச்சு சட்டென்று நின்றுவிடும்
என்று நினைத்தேன்.
நிற்கவில்லை.
கேன்டீன் புளியோதரையில் வேர்க்கடலையே இல்லை
என்பதுதான் அன்றைய வழக்கு.
இர்ஃபானா ஊறுகாய் டப்பாவை என் பக்கம் தள்ளினாள்,
அடுத்து எல்லோர் பக்கமும்.

அறுபத்திரண்டு வயது சுகந்தி
சாலிகிராமத்திலிருந்து திரும்ப வந்து
ஆட்டோ காசு கேட்டுத் திட்டினார்.
நியாயம். கொடுத்தோம்.
ரத்தம் எடுக்கும்போது மட்டும்
கையை இர்ஃபானாவிடம் நீட்டினார்.

இன்று வெள்ளி. பக்கம் காலி.
பதிவேட்டின் அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுக்கிறேன்,
சுகந்திகளின் பெயரை மறைத்து,
என் பெயரை மறைக்காமல்.
'பணியிட நடத்தை:
இணைப்பைக் காண்க.'