பதினாலாம் தேதி

ஹைகிரவுண்டில் நைட் டூட்டி முடித்து
வண்ணார்பேட்டை மாடிக்கு ஏறினால்
நாள்காட்டியில் தேதி கிழிந்திருக்கிறது.
நான் கிழிக்கவில்லை.

கேஸ் வால்வு மூடியிருக்கிறது.
கொடியில் காய்ந்த உள்பாவாடை
மடித்து நாற்காலியில்.
மடிப்பு நேர்த்தியாகத்தான் இருக்கிறது,
அதுதான் குமட்டுகிறது.

"டேங்கு வழியுதான்னு பாக்க வந்தேம்மா,
நம்ம வீடுதானே" என்பார்
ஆறுமுகநயினார் அண்ணாச்சி.
அந்த 'நம்ம'வுக்கு
மாதம் ஆறாயிரத்து ஐந்நூறு கொடுக்கிறேன்,
கரண்டு தனி.

இருபது ரூபாய்ப் பத்திரத்தில்
ஆணி அடிக்கப்படாது,
கருவாடு பொரிக்கப்படாது,
பத்துக்கு மேல் கேட் திறக்கப்படாது.
அவர் வரப்படாத நேரம் என்று
ஒரு வரி இல்லை.

ஐந்தாம் தேதி வாடகையோடு போனேன்.
கீழ்வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது.
தட்டவில்லை.
கூடம் தாண்டி, சாமி அலமாரி தாண்டி
அடுக்களை வரை.

பல்செட்டை டம்ளரில் போட்டுவிட்டு
ஈரத்துண்டோடு நின்றபடி
கருப்பட்டி சப்பிக்கொண்டிருந்தார்,
சுகர் முந்நூறு இருக்கிற மனுஷன்.

"ஒரு சத்தம் குடுக்கப்படாதா தாயி?"
பாதி சொல், பாதி காற்று.
"டேங்கு பாக்க வந்தேன் அண்ணாச்சி."

இன்னொரு சாவியைக் கேட்டேன்.
தேடித் தாரேன் என்றார்.
பதிமூன்று வரை தேடினார்.
மறுநாள் டவுனில் பூட்டு வாங்கினேன்,
இருநூற்று எண்பது.

பதினாலிலேயே நிற்கிறது நாள்காட்டி.
இன்று பத்தொன்பது.
கிழிக்க மனசு வரவில்லை.