மூச்சுத் துளை

நூற்றுப் பன்னிரண்டாம் கம்பத்துக்கும்
நூற்றுப் பதின்மூன்றுக்கும் நடுவே
பனியில் ஒரு துளை.
இரண்டு விரல் நுழையும்.
சுற்றிலும் உறைபனி, நரைத்த மீசைபோல.
மற்ற இடமெல்லாம் வழவழவென்று கிடக்க
இங்கே மட்டும்
யாரோ உள்ளிருந்து மூச்சு விட்டிருக்கிறார்கள்.

சறுக்குக் கட்டைகளைக் கழற்றினேன்.
கையுறையை உருவினேன்.
துளைமேல் உள்ளங்கை.

ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு, மறந்துபோனது நினைவு வந்தாற்போல
ஒரு வெதுவெதுப்பு.

கைனூ காட்டில் அந்தக் காலத்தில்
அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.
சொன்னால் வந்து நிற்குமாம்.
தேன்பாதம் என்றார்கள்.
காட்டின் ஆப்பிள் என்றுகூட.
நான் பக்கத்து வீடு என்று வைத்துக்கொண்டேன்.

அன்று நான் குடியை விட்டு நாற்பத்தோராம் நாள்.
தூக்கம் என்னை விட்டும் அத்தனை நாள்தான்.
இரண்டும் ஒரே பையில் போயிருந்தன.
எண்ணிப் பார்த்தால்
அது உள்ளே போய் மண்ணை இழுத்துப் போர்த்திக்கொண்டதும்
ஏறக்குறைய அதே வாரம்.

செவ்வாய்க்கிழமைகளில் தேவாலயத்து நிலவறை.
மடக்கு நாற்காலி, கரிந்த காப்பி, ஏலக்காய் ரொட்டி.
என் பெயர் வோய்த்தோ என்று எழுந்து சொல்லவேண்டும்.
வோய்த்தோ என்றால் வெற்றி.
யாரும் சிரிப்பதில்லை, அதுதான் கஷ்டம்.
உன்னிலும் பெரிதாய் ஒன்றைப் பற்றிக்கொள் என்றார்கள்.
ஐரா கடவுள் என்றாள்.
மரலாரி ஓட்டும் உர்ஹோ
செத்துப்போன தன் நாயைச் சொன்னார்.
என் முறை வந்தபோது
உள்ளங்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

நிமிடத்துக்கு ஒரு மூச்சு.
சில நிமிடம் அதுவும் கிடையாது.
விடிகாலை மூன்று மணிக்குச் சமையலறையில்
குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருக்க
நானும் அந்தக் கணக்கில் மூச்சு விட்டுப் பார்த்தேன்.
தலை சுற்றியது. மேசையைப் பிடித்துக்கொண்டேன்.
ஞானம் எதுவும் வரவில்லை.
ஒன்று மட்டும் தெரிந்தது:
பதினொரு கிலோமீட்டர் தள்ளி, எறும்புப் புற்றுக்கு அடியில்
என் பங்கையும் சேர்த்து
ஒரு ஜீவன் தூங்கிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரியில் மறுபடி போனபோது
கையை வைக்கவில்லை. தூரத்தில் நின்றேன்.
கம்பி முனகுகிறது என்றுதான் நினைத்தேன்,
கடுங்குளிரில் முனகும்.
ஆனால் சத்தம் காலுக்குக் கீழே.
சின்ன மோட்டார் ஒன்று
நின்று நின்று ஓடுவதுபோல்.
பால் குடிக்கும் சத்தம்.

பக்கத்து வீட்டுக்காரி, என்று திருத்திக்கொண்டேன்.
பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.
எதற்கு அழுதேன் என்று
நிலவறையில் யாராவது கேட்டிருந்தால்
சொல்லத் தெரிந்திராது.

மார்ச்சில் அலுவலகத்திலிருந்து தாள் வந்தது.
கம்பியோரப் புதரை அறுக்க இயந்திரம் வருகிறது.
எழுதினேன்:
'112–113. பனிக்கடியில் சதுப்பு. இயந்திரம் புதையும்.
மே மாதத்துக்குப் பிறகு பார்க்கலாம்.'
குடிக்காமல் நான் சொன்ன முதல் பொய்.
எழுத்து நேராக நின்றது.

நூற்று எழுபதாம் நாள்
வாசல் திறந்து கிடந்தது.
அழுக்குப் பனியில் ஒரு பெரிய தடம்,
பக்கத்தில் கரண்டி பதித்த மாதிரி
குட்டித் தடங்கள், இரண்டு வரிசை.
ஆற்றுப்பக்கம் இறங்கிப் போயிருந்தன.
என்னைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.
தெரியாமலே இருக்கட்டும்.

ஒரு மணி நேரம் காத்திருந்தேன். பிறகு
தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு
உள்ளே தவழ்ந்தேன்.
ஈர எறும்பு வாசம், புளித்த பால், ரோமம், வேர்.
என் முதுகுக்கு அளவெடுத்த குழி.

பாக்கெட்டில் தொலைபேசி அதிர்ந்தபோது
வெளிச்சம் இடம் மாறியிருந்தது.
தம்பெரேயிலிருந்து இன்கேரி.
என்னப்பா, குரல் கனத்திருக்கிறதே,
என்று கேட்டுவிட்டு
அவள் எதற்கோ பயந்து நிறுத்தினாள்.

தூங்கிவிட்டேன் அம்மா, என்றேன்.
எங்கே?
பக்கத்து வீட்டில்.