நூற்று முப்பத்திரண்டாவது அறை

கடைக்காரர் சொன்ன விலை தொண்ணூற்றிரண்டு யூரோ.
கறுப்புச் சட்டம், கண்ணாடிக் கதவு, உள்ளே வெல்வெட்.
"பீங்கானுக்கு இதற்குக் குறைந்து எங்கும் கிடைக்காது, மேடம்."
என் பொம்மைகள் அத்தனையும் சேர்ந்தே அவ்வளவு பெறாது.
கேக்கோடு வந்தவை.

ஜனவரி தோறும் லொரியான் நகரத்து பேக்கரிகளில்
மூவரசர் திருநாள் கேக்.
அதனுள்ளே எங்கோ ஒரு பீங்கான் துண்டு பதுங்கியிருக்கும்.
யார் பல்லில் படுகிறதோ அவருக்குக் காகித மகுடம்.
குவெனயேலுக்குப் பட்டதோடு நிற்கவில்லை, உடைந்தது:
கடைவாய்ப் பல்.
துப்பினால் ஒரு செம்மறியாடு.
மகுடத்தோடுதான் பல் வைத்தியரிடம் போனார்.
அங்கே அழுத பணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.
ஆட்டைக் கழுவி எடுத்து வைத்துக்கொண்டேன்.

இருபத்தாறு வருஷத்தில் நூற்று முப்பத்தொன்று.
நகமளவு பாதிரியார், ஒற்றைச் செருப்பு,
மத்தி மீன் டப்பா, மூடி திறந்தபடி;
பூனைகளின் வாத்தியக் குழு, மேளக்காரப் பூனை மட்டும் இல்லை;
கலங்கரை விளக்கம்.
எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில்
ஒன்றன் மூக்கை ஒன்று தேய்த்துக்கொண்டு கிடந்தன.
டின்னை நகர்த்தினால் சோழி குலுக்கிய சத்தம்.

பழைய சாமான் கிடங்கில் ஒரு சட்டம் அகப்பட்டது, நாலு யூரோ.
கண்ணாடியில் கீறல் இல்லை.
உள்ளே ஒரு கல்யாணப் படம்,
பின்னால் பென்சிலில்: ஜூன், 1961.
"இவர்களை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.
"சட்டத்துக்குத்தான் விலை" என்றார் கிடங்குக்காரர்.
"அவர்கள் சும்மா."

சனிக்கிழமைச் சந்தையில், கடை கட்டும் நேரம்,
கிளெமன்டைன் பழப்பெட்டிகளை மிதித்து நொறுக்குவார்கள்.
மிதிக்குமுன் ஏழு பெட்டி வாங்கி வந்தேன்.
மூன்று மில்லிமீட்டர் பலகை, கத்தியே போதும்.
ஒரு பட்டைக்கு மேலிருந்து பாதி வெட்டு,
குறுக்கே வருவதற்குக் கீழிருந்து பாதி.
ஆணி வேண்டாம், பசை வேண்டாம்,
ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும்.
வெளிச்சுவருக்கு உடைந்த மேஜையின் இழுப்பறை.
கதவு காற்றில் திறக்காமலிருக்க
ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த இரண்டு காந்தம்.

குவெனயேல் கடலிலிருந்து திரும்பிய ராத்திரி
சமையலறை மேஜை முழுக்க மரத்தூள்.
மனிதர் நின்றபடியே சூப் குடித்தார்.
"எத்தனை நாளைக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று சென்டிமீட்டருக்கு ஓர் அறை.
பாதிரியார் நுழைந்தார், பூனைகள் நுழைந்தன.
கலங்கரை விளக்கம் மூன்று புள்ளி நாலு.
பள்ளிப் பிள்ளைகளோடு பன்னிரண்டு மீட்டர் பஸ்ஸை
மீன்பிடித் துறைச் சந்தில் திருப்புகிறவள் நான்.
நாலு மில்லிமீட்டரில் தோற்றேன்.
படுக்கவைத்தேன்.
கப்பல்கள் அவரவர் சாமர்த்தியம்.

முதுகுப் பலகைக்கு நீலத் துணி ஒட்டுவதாகத்தான் இருந்தது.
அளவு பார்க்கப் படத்தின் மேலேயே அறைக்கூட்டை வைத்தேன்.
அவ்வளவுதான்.
ஓர் அறையில் மாப்பிள்ளையின் காது மட்டும்,
ஓர் அறையில் கையுறையின் மூன்று விரல்,
நாலாம் வரிசையில் சிரிக்கலாமா என்று யோசிக்கிற ஒரு வாய்.
பலகை விளிம்பில், தலைகீழாக, "தரம் ஒன்று".
துணியை மடித்து அலமாரியில் போட்டேன்.

அந்த வாய்க்கு முன்னால் ஆட்டை நிறுத்தினேன்.
அது பழகிய இடம்.

கணக்கு: சட்டம் நாலு, கீல் ஒன்று தொண்ணூறு,
பெட்டிக்குப் பசை மூன்று இருபது.
ஆக ஒன்பது பத்து.
பல்லைச் சேர்க்கவில்லை.

பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பதினொன்று.
ஓர் அறை மிச்சம்.
அதில் மணப்பெண்ணின் இடது கண்.
"அடுத்த ஜனவரியில் நிரப்பிவிடலாம், மரிவோன்"
என்கிறார் குவெனயேல், மறுபக்கத்துக் கடைவாயில் மென்றபடி.
நான் சரி என்று சொல்லவில்லை.

காலை ஐந்தே காலுக்கு பஸ் சாவியை எடுக்க விளக்கைப் போடுகிறேன்.
அவள் முன்பே விழித்திருக்கிறாள்.