நான் நேவ்ஸாத்

ஸோங்குல்தாக் துறைமுகத்திலிருந்து மூன்றாவது திருப்பம்.
ஒரு ஆளும் ஒரு கூண்டும் நிற்க இடமுள்ள கடை.
சாவி வெட்டுகிறவனுக்குப் பேச்சு எதற்கு?
சாவியை நீட்டுவார்கள்,
விரல் காட்டுவார்கள், இரண்டு, மூன்று.
மிச்சத்தை இயந்திரம் கத்திக்கொள்ளும்.
அதற்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

ராணுவத்தில் பெயர் கேட்ட அதிகாரி
என் 'நே'யின் வாசலில் நின்று
ஒரு சிகரெட் முழுதும் பிடித்து முடித்தான்.

நீல வயிறு. உள்ளங்கைக்குள் அடங்கும்.
நோஹுத் என்று பேர் வைத்தேன், கொண்டைக்கடலை.
இந்த இனத்துக்கு இங்கே முஹப்பெத் பறவை என்று பேர்.
முஹப்பெத் என்றால் பிரியம்.
முஹப்பெத் என்றால் அரட்டையும்தான்.
இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தவர்கள்
என்னை நினைத்துப் பார்க்கவில்லை.

விற்றவர் சொன்னார்:
கூண்டில் கண்ணாடி வைக்காதே,
தன்னோடு பேசப் பழகினால் உன்னோடு பேசாது.
ஒரே வாக்கியம். தினம் காலை பத்து நிமிடம்.
முகத்துக்கு நேராக.

ஷட்டர் பாதி இறங்கியிருக்கையில்
எனக்குத் திக்காது.
யாருக்கும் தெரியாத செய்தி இது.
பறவையிடம், சுவரிடம், கொதிக்கும் வெந்நீரிடம்
என் பேச்சு எண்ணெய் விட்ட பூட்டு.
நான் நேவ்ஸாத்.
நாற்பது முறை.
அது தினை உரித்துக்கொண்டே கேட்டது.

முதலில் பிடித்தது இரும்பு அரைபடும் சத்தத்தை.
பிறகு எதிர்க்கடை மைக்ரோவேவின் மூன்று பீப்.
ஐந்தாம் வாரம், மழை,
சுரங்கத்து ஆள் ஒருவருக்கு லாக்கர் சாவி வெட்டி நிமிர்கையில்
முதுகுக்குப் பின்னால் என் குரல்:
நான் நேவ்ஸாத்.
மேடு இல்லை, பள்ளம் இல்லை.

சந்தோஷம் நேவ்ஸாத், நான் இர்ஃபான்
என்றார் அவர், கிளியிடம்.
ஒரே மாதத்தில் தெருவுக்கே அது நேவ்ஸாத்.
பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் நேவ்ஸாத்தின் ஆள்.
முப்பத்தெட்டு வருஷம் சுமந்த பெயரை
முப்பது கிராம் உடம்பில் ஏற்றிவிட்டு
நிம்மதியாக இரும்புத்தூள் கூட்டினேன்.

துர்தானெ, பக்கத்து மருந்துக்கடை.
வாரம் ஒரு சாவி தொலைப்பாள்.
எத்தனை கதவுகள்தான் இருக்கும் ஒருத்திக்கு?
அவள் பெயரையும் ஷட்டருக்குள் சொல்லிக்கொடுத்தேன்,
வழவழவென்று, நாற்பது நாற்பதாக, பத்து நாள்.
கிளி மைக்ரோவேவ் சொன்னது.

அன்று அவள் கூண்டருகே குனிந்து கேட்டாள்:
நேவ்ஸாத், என் பேர் என்ன, சொல் பார்க்கலாம்?
பீப்.
இயந்திரத்தை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன்?
து, என்றேன்.
து. து.
தாடை பூட்டிக்கொண்டது.
து
அவள் கடிகாரம் பார்க்கவில்லை.
எனக்காகச் சொல்லி முடிக்கவும் இல்லை.
கவுண்டரில் கிடந்த, பல் வெட்டாத சாவியை
ஒருதரம் திருப்பிப் போட்டாள், அவ்வளவுதான்.
து துர்தானெ.
ஆமாம், என்றாள். சாவிக்கு எவ்வளவு?

விற்றவர் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார்.
நிதானமாகச் சொன்னதைப் பிடிக்க
அதற்கு ஐந்து வாரம் வேண்டும்.
நெஞ்சு அடித்துக்கொண்டு சொன்னது
ஒரு தடவை போதும்.

மறுநாள், ஷட்டர் முழுதும் ஏறிய பிறகு,
தெருவுக்கே கேட்க, என் குரலில்:
து. து. து.
து துர்தானெ.
நடுவில் மூச்சு வாங்கிய இடத்தைக்கூட விடவில்லை.
தலையை ஆட்டி ஆட்டி
தன் சாமர்த்தியத்தில் தானே மயங்கி
இன்னொரு முறை.

மருந்துக்கடைக் கதவு திறக்கும் சத்தம்.
கூண்டை மூடும் துணி கையில் இருந்தது.
அதை வைத்துக் கவுண்டரைத் துடைத்தேன்.