செலவுத் தலைப்பு பதினேழு

சமஸ்தானம் தேசத்தோடு சேர்ந்த மறுவருடம்
அரண்மனைக் கணக்கைத் தணிக்கை செய்ய என்னை அனுப்பினார்கள்.
சிவப்புத் துணி சுற்றிய பேரேடுகள்.
கரையான் ருசிபார்த்து வேண்டாமென விட்ட ஓரங்கள்.
யானைக்குக் கரும்பு.
செத்த யானைக்கும் ஒன்பது வருடமாகக் கரும்பு.
பதினேழாம் தலைப்பில்:
பழைய தலைநகரில் சாம முரசு அறைபவருக்கு
மாதம் ஒரு மணங்கு கம்பு.

பழைய தலைநகரா?
அலுவலகத்தில் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை.

பின்னோக்கிப் புரட்டினேன்.
கம்பு, கம்பு, கம்பு.
பஞ்ச வருடங்களில் அரை மணங்கு.
மராட்டியக் குதிரைகள் கப்பத்துக்கு வந்த வருடம் வெறும் கோடு.
அதற்கும் அடியில், வேறொரு கையெழுத்தில்,
சாந்தல்கட் கோட்டையின் ஆறாவது கிணறும் உப்பானதால்
மகாராவல் ராஜ்ஜியத்தை
இருநூற்றுப் பன்னிரண்டு ஒட்டகங்களில் ஏற்றியது இருந்தது.
கதவுகள் நான்கு, ஆணிகளோடு.
குலதேவி ஒன்று, உப்புநீராட்டில் மூக்கு தேய்ந்தது.
வாள்கள் எண்பத்தொன்று, உறையுள்ளவை ஐம்பது.
கைதிகள் புறப்படும்போது ஏழு, இறங்கும்போது ஆறு.

முரசு மட்டும் ஏறவில்லை.
இரண்டு ஒட்டகங்கள் மண்டியிட்டபடியே மறுத்தன.
"கோட்டை காலியென்று பகைவன் அறிய வேண்டாம்.
நாம் திரும்பும்வரை அறைந்துகொண்டிரு."
கீழே ஈட்டி முத்திரை.
தேதிக்கு விட்ட இடத்தில்
மை தொட்ட ஒரு புள்ளி.

ஜனவரியில் ஜீப்பில் போனேன்.
வழியெல்லாம் ஆடு கடித்த வன்னி மரங்கள்.
கதவில்லாத வாசலில்
கீல் இருந்த துளைகளில் மைனாக்கள்.
ராணிகளின் முற்றத்தில் யாரோ வறட்டி காயவைத்திருந்தார்கள்.

ஜடாவ் பாய் மேலே இருந்தாள்.
கணவன் அகமதாபாத் ஆலையில். கடிதம் இல்லை.
மாமனாரிடமிருந்து கோலையும்
மாமனாரின் கடனையும் வாங்கியவள்.
வாசல் தூணின் நிழல் மூன்றாம் படியைத் தொட்டால் ஒரு சாமம்;
இரவில் வயிற்றைக் கேட்டுக்கொள்வாளாம்.

சொன்னேன்: அரசர் இல்லை, அம்மா.
புதுத் தலைநகரும் இப்போது தலைநகர் இல்லை,
ஒரு தாலுகா.
"எழுத்தில் இருக்கிறதா?" என்றாள்.
இருக்கிறது என்றேன்.
"அப்படியானால் மூன்று மாதக் கம்பு வராததும்
அதில் இருக்குமே."

பிறகு என் கையைப் பிடித்து
முரசின் கன்னத்தில் வைத்தாள்.
வெடிப்பு. விரல் நுழைந்தது.
"இருமுகிறது, கேளுங்கள்" என்று அறைந்தாள்.
இருமத்தான் செய்தது.
ஆனால் மூன்று கல் தள்ளி, கடுகு வயலில்,
குனிந்திருந்த ஒருவன் நிமிர்ந்து மடையை மாற்றினான்.
அடுத்த பாத்திக்காரன் ஓடிவந்தான்.
நான்கு கிராமத்துத் தண்ணீர் முறை அந்த இருமலில் ஓடுகிறது.
அதை எந்தப் பேரேடும் எழுதவில்லை.

சிவப்பு மைப் பேனாவோடுதான் போயிருந்தேன்.
அடித்துவிடச் சொல்லித்தான் உத்தரவு.
விடுதி விளக்கடியில் உட்கார்ந்து எழுதினேன்:
தலைப்பு பதினேழு, பரிசீலனையில்.
நிலுவைக் கம்பு, மூன்று மணங்கு.
எருமைத் தோல் ஒன்று, ரூபாய் பதினான்கு.
காரணம் என்ற கட்டத்தில்
பழைய எழுத்தரைப் போலவே
ஒரு புள்ளி வைத்துவிட்டு நிறுத்தினேன்.

அப்போது தொலைவில் நள்ளிரவுச் சாமம் கேட்டது.
என் கைக்கடிகாரம் பதினோரு நிமிடம் பின்தங்கியிருந்தது.
அல்லது அவளுக்குச் சீக்கிரமே பசித்திருக்கும்.
முள்ளைத் திருப்பி வைத்தேன்.
அறிக்கையில் இதைச் சேர்க்கவில்லை.