இரண்டாவது வரிசை

பிப்ரவரி. ஹூசும் துறைமுகச் சாலை.
என் லாரியில் இருபத்திரண்டு டன் சரளைக்கல்.
குறுக்கே ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.
எதற்காக என்று அட்டையில் எழுதியிருந்தது,
மழையில் மை கரைந்து ஓடிவிட்டது.
நடுவில் இருந்தவள் ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தாள்,
தோல் அறாமல்.

பிரேக்கை மிதித்தேன்.
எனக்குப் பின்னால் பால்வண்டி நின்றது,
அதன் பின்னால் மீன்வண்டி,
அதற்கும் பின்னால் ஹாரன்கள் மட்டும்.

நீதிமன்றத்தில் பலவந்தம் என்ற ஒற்றைச் சொல்லை
மேசைமேல் போட்டு, முள் எடுப்பதுபோல்
நான்கு மணி நேரம் பிரித்தார்கள்.
உடம்பில் பட வேண்டும்,
மனசில் பட்டால் போதாது என்றார் அவர்கள் வக்கீல்.
நீதிபதி டெட்லெஃப்சன் கண்ணாடியைக் கழற்றினார்.
'அந்தக் கத்தி உங்களைப் பயமுறுத்தியதா?'
'அது ஆப்பிளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.'
'உங்களால் மேலே போயிருக்க முடியுமா?'
'முடியும்.'
'ஏன் போகவில்லை?'
'ஆள் உட்கார்ந்திருக்கிறதே.'

தீர்ப்பு இப்படி வந்தது:
என்னை நிறுத்தியது என் மனம்,
அதில் குற்றமில்லை.
பால்வண்டிக்காரனை நிறுத்தியது இரும்பு,
அதுதான் பலவந்தம்.
அந்த இரும்பு
என் லாரி.

ஒன்பது பேருக்கும் பதினைந்து நாள் சம்பளம் அபராதம்.
எனக்குச் சாட்சிப்படி, டீசல் சேர்த்து, முப்பத்தெட்டு யூரோ.
கையெழுத்துப் போட்டேன்.

படிக்கட்டில் ஆப்பிள்காரி சிகரெட் கேட்டாள்.
'உன் வண்டிதான் என் ஆயுதமாம்' என்று
புகையோடு சிரித்தாள்.
நெருப்புக்காக நீட்டிய என் கை
ஏனோ நடுங்கியது.

இதே கட்டடம், மேல்மாடி, ஆறு வருடம் முன்பு.
ஆன்ட்யே சொன்னாள்:
இவர் கை ஓங்கியதே இல்லை.
கதவை மறித்து நிற்பார், அவ்வளவுதான்.
சாவி இவர் பையில் இருக்கும்.
ஒருமுறை விடியும்வரை நின்றார்.

அடித்தாரா? இல்லை.
மிரட்டினாரா? பேசவே இல்லை.
வேறொரு நீதிபதி, வேறொரு பேனா.
நிற்பது குற்றமாகாது என்று எழுதினார்.
நான் அன்று கழுத்துப்பட்டை கட்டியிருந்தேன்.
ஜெயித்துவிட்டு, எதிர்க்கடையில்
வறுத்த மீன் ரொட்டி தின்றேன்.

சரளைக்கல்லுக்கு எடைமேடையில் சீட்டு தருவார்கள்,
கிலோ கணக்குப் பிசகாமல்.
வெறும் ஆளாக நான் எண்பத்தொன்பது கிலோ.
வாசலை மறித்த அந்த ராத்திரி
எத்தனை டன் என்று
ஆன்ட்யேவுக்குத் தெரியும்.