இரண்டு எட்டு மேற்கே

வடக்கே சின்ன வளையம், தெற்கே பெரிய வளையம்.
மேலே நெருக்கி, கீழே தளர்த்தி
அவசரத்தில் போட்ட எட்டு.
ஜப்பான் மேல் மெதுவாக,
ஆஸ்திரேலியா மேல் வேகமாக,
நாளுக்கு ஒருமுறை சுற்றி
நான்கு நிமிடம் முன்பாகவே முடித்துவிடும்.
யாருக்கும் எட்டாத உயரத்தில் எட்டுப் போட
உரிமம் எதுவும் கேட்கவில்லை அதை.

மிச்சிபிகி என்று பெயர். வழிநடத்துதல் என்று பொருள்.
இடுக்கு மலைகளுக்கும் உயர்ந்த சுவர்களுக்கும் நடுவில்
தலைக்கு நேர் மேலே ஒன்றாவது நிற்கட்டும் என்று
ஒரு தேசம் தனக்கென ஏற்றிவைத்தது.

நோட்டோவில், நில அளவையர் ஹிசாயோ தோகி
முக்காலியை ஊன்றியிருக்கும் இடம்
ஐந்து வாரம் முன்புவரை கடல்.
புத்தாண்டு நாளன்று, அரிசி உருண்டை வேகும் நேரத்தில்
நிலம் எழுந்தது.
எழுந்தது திரும்ப உட்காரவில்லை.

வெளுத்த பாசி. வாய் பிளந்த சிப்பிகள்.
கட்டிய கயிறு கட்டியபடி
சாய்ந்து கிடக்கும் ஏழு படகுகள்.
நாற்றம் மட்டும்தான் இன்னும் கடலாக இருக்கிறது.

கருவி ஓர் எண்ணைச் சொல்கிறது.
மறுபடி அளக்கிறாள். அதே எண்.
மூன்று மீட்டர் எண்பது, மேலே.
ஒன்றரை மீட்டர், மேற்கே.

ககுமா தன் படகின் நிழலிலிருந்து கேட்கிறார்:
"உங்கள் கோள் எங்கள் மண்ணைப் பற்றிக்
கோள் மூட்டுகிறதோ?"
"இல்லை. அது பிசகவில்லை."
"அப்படியானால் பிசகியது?"
அவள் தன் காலடியைப் பார்க்கிறாள்.
அவரும் பார்க்கிறார்.
ரப்பர் காலணிக்கடியில் ஒரு நண்டு ஓடு நொறுங்குகிறது.

நிவாரணப் படிவத்தில் ஒரு கேள்வியாம்:
இடம்பெயர்ந்தவரா? ஆம், இல்லை.
பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில், அட்டைத் தடுப்புக்குள்
மூன்று வாரமாக அதை மடித்தே வைத்திருக்கிறார்.
"வீடு நின்ற இடத்திலேயே விழுந்தது.
நான் ஒரு எட்டும் நகரவில்லை.
ஊர்தான் என்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது.
எந்தக் கட்டத்தில் குறி போட?"

அவளிடம் பதில் இல்லை.
புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

படகின் பேட்டரி சாகவில்லை.
வரைபடத் திரை விடாமல் நீலம் காட்டுகிறது.
ஆழம் மூன்று மீட்டர்.
நீலத்தின் மேல் ஒரு சிவப்புக் குறி.
"நங்கூரம்," என்கிறார். "ஆறு வருடமாச்சு.
கயிறு அறுந்த இரவே குறித்துவைத்தேன்,
என்றைக்காவது மூழ்கி எடுக்கலாமென்று.
முதுகு விடவில்லை."

நடக்கிறார்கள்.
மூழ்க வேண்டிய இடத்துக்கு நடந்து போவது
கொஞ்சம் வெட்கமாயிருக்கிறது என்கிறார்.
கைக்கருவி கூவிய இடத்தில்
கல். சேறு. ஒரு பிளாஸ்டிக் கூடை.
நங்கூரம் இல்லை.

ஹிசாயோ தாளின் முதுகில் கணக்குப் போடுகிறாள்.
மனக்கணக்கே போதும். ஆனாலும் போடுகிறாள்.
"இரண்டு எட்டு, மேற்கே."

ஒன்று.

இரண்டு.

சேற்றிலிருந்து ஓர் இரும்பு மூக்கு.

தற்செயலாக இருக்கலாம்.
அந்தப் பழைய திரை ஐந்து மீட்டர் வரை
கூசாமல் பொய் சொல்லும்.
அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை.
அவர் ஏற்கெனவே முழங்காலிட்டாயிற்று,
வெறுங்கையால் தோண்டுகிறார்,
துருவோடு ஒட்டிய சிப்பிகளைத் திட்டிக்கொண்டே.

முக்காலியை மடிக்கையில் அண்ணாந்து பார்க்கிறாள்.
மேகம். கொஞ்சம் பனித்தூள்.
அதற்கும் அப்பால் ஒன்று சின்ன வளையத்தை முடித்து
தெற்கே இறங்கத் தொடங்கியிருக்கும்.
அந்த இடத்துக்கு இன்னொன்று வந்திருக்கும்,
முறை மாற வரும் காவலாளி மாதிரி, பேச்சில்லாமல்.

ககுமா நங்கூரத்தில் புதுக் கயிறு கட்டுகிறார்.
சாய்ந்த படகில் ஏறி,
காய்ந்த தரைக்கு
மெல்ல இறக்குகிறார்,
ஆழம் பார்த்து.